தட்டைப் பக்கம்

ஏரியில் மீன் பிடித்துப் பிழைக்கும் எங்கள் கோட்டைக்குப்பத்தில் கத்தி தீட்டத் தெரியாத வீடே கிடையாது. அந்தத் தெம்பில்தான் அன்று என் வீட்டுக்காரர் என் பிழைப்பில் கை வைத்தார்.

நான் வீட்டிலேயே தோல் செருப்பு தைக்கிறவள். தோலைச் சீவ ஒரு கை மெஷின் வைத்திருக்கிறேன். உள்ளங்கை அகலப் பிளேடு, அதன் கீழே ஓர் உருளை. நடுவில் தோலைக் கொடுத்து இழுத்தால் பாதிக் கனமாக வெளியே வரும். அன்று சீவ வேண்டியது என் அம்மாவின் செருப்புக்கு வார். கடைச் செருப்பின் முரட்டு வார் காலை அறுத்துப் புண்ணாக்கியதில் அம்மா மூன்று மாதமாக மீன் விற்கப் போகவில்லை. பொன்னேரி மார்க்கெட்டில் கூவிக் கூவி விற்ற வாய், வீட்டுக்குள் எங்களைப் பிய்த்துக்கொண்டிருந்தது. புண் ஆறிவிட்டது, பயம் ஆறவில்லை. "உன் செருப்பும் கடிச்சுதுன்னா மீன் கூடைய யாருக்காவது குடுத்துடுவேன்" என்று சொல்லிவிட்டாள். மிருதுவான தோல் இரண்டே துண்டுதான் இருந்தது. ஒரு ஜோடிக்கு ஒரு துண்டு போதும்.

பிளேடு மழுங்கியிருந்தது. ஏரியிலிருந்து அப்போதுதான் வந்த வீட்டுக்காரர், "இதுக்கு இன்னா யோசன? குடு இப்டி" என்று வாங்கி, மீன் கத்தி மாதிரியே இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிக் கல்லில் இழுத்தார். கை முடியைச் சிரைத்துக் காட்டி ஒரு சிரிப்பு வேறு. எனக்கும் தலைகால் புரியவில்லை. கழிவுத் துண்டில் சோதித்துப் பார்க்காமல் நல்ல தோலையே கொடுத்து இழுத்தேன். பாதியில் பிளேடு உள்ளே இறங்கித் தோல் இரண்டாகப் போனது.

"அட பாவி மனுசா! இது ஒரு பக்கம் தட்டையா இருக்கணும்யா. ரெண்டு பக்கமும் தீட்டறதுக்கு இது இன்னா வஞ்சிரம் வெட்ற கத்தியா?"

"கத்தின்னா ரெண்டு பக்கமும்தான தீட்டுவாங்க" என்று முணுமுணுத்தார்.

வாசலிலிருந்து அம்மா, "கூடைய யாருக்குக் குடுக்கலாம்னு யோசிச்சு வைங்க" என்றாள். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

ஜன்னல் கண்ணாடித் துண்டில் உப்புத்தாளை ஒட்டினேன். தட்டைப் பக்கம் முழுக்க மார்க்கரால் கறுப்படித்து அதில் தேய்த்தேன். மற்ற இடமெல்லாம் பளிச்சென்று வந்தது, விளிம்பில் மட்டும் கறுப்பு போகவில்லை. அவர் தீட்டிய சரிவு அங்கேதான் இருந்தது. தேய்த்தேன், பார்த்தேன், மறுபடி கறுப்படித்தேன். தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. கடைசியில் விளிம்பிலும் கறுப்பு போனபோது, "கறுப்பு போச்சு!" என்று கத்திவிட்டேன். பிறகு, சரிவாகவே இருக்க வேண்டிய மறுபக்கத்தை மட்டும் கல்லில் தீட்டினேன். அபராதமாக அவர் இடுப்புப் பெல்ட்டையே கழற்ற வைத்து அதில் பிளேடைத் தேய்த்துப் பதமாக்கினேன்.

இந்த முறை கழிவுத் துண்டு முதலில். சுத்தமாக வந்தது! அடுத்து அந்தக் கடைசித் துண்டு. மூச்சைப் பிடித்து ஒரே இழுப்பு. காயாத அப்பளம் போல மெல்லிசாக வந்து கையில் துவண்டது. ஐயோ, என் சந்தோஷத்தை என்ன சொல்ல! பெல்ட் இல்லாத மனுஷனைக் கட்டிக்கொண்டு குதித்தேன்.

சாயங்காலத்துக்குள் தைத்துவிட்டேன். அம்மா மாட்டிக்கொண்டு தெருக்கோடி வரை நடந்தாள், திரும்பி வரவில்லை. நான் தெருக்கோடியையே பார்த்துக்கொண்டு வாசலில் நின்றேன். அரைமணி கழித்து, படகுகள் வரும் கரைப் பக்கமிருந்து வந்தாள். நான் குனிந்து அவள் காலைப் பார்த்தேன். தழும்பின் மேல் சிவப்பு இல்லை.

"காலையே பாத்துனு இருந்தா ஆச்சா? நாளைக்குக் காலைல விக்க எறால் எடுத்து வைக்கச் சொல்லிட்டு வந்துட்டேன்" என்றாள் அம்மா. "போ, கூடையக் கழுவு."