மீ ஹஜ்ரத்தின் முதல் கிண்ணம்

சிஆன் நகரத்து முரசு கோபுரத்துக்குப் பின்னால் போகும் பெரிய தெருவில் லான் சிஃபாங் காலடி வைத்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. இத்தனைக்கும் அவள் வீடு இரண்டு சந்து தள்ளித்தான், தாபியுவானில். காய் வாங்கப் போவதென்றால்கூட மூன்று சந்து சுற்றிக்கொண்டு போவாளே தவிர, அந்தத் தெருவை மிதிக்கமாட்டாள். யாராவது காரணம் கேட்டால், "எச்சில் இலையில நடக்கிற மாதிரி இருக்கு" என்பாள்.

அவள் சொன்னதில் மிகையில்லை. எங்கள் ஊர் ஹூய் முஸ்லிம் ஜனங்களின் சாப்பாட்டுத் தெரு என்று உலகமெல்லாம் பெயர். வந்து பார்த்தால் வறுத்த கணவாய் மீனைக் குச்சியில் செருகி ஆளுக்கொன்று பிடித்துக்கொண்டு நடக்கிறார்கள். தின்ற குச்சிகளைப் போட வைத்த தொட்டி காலை பத்து மணிக்கே வழிகிறது. இரண்டு தடியன்கள் மரச் சுத்தியலால் கடலை மிட்டாயை ஓங்கி ஓங்கி அடிக்கிறார்கள். அடிப்பது வேடிக்கைக்கு, விற்பது பின்கட்டில் டப்பாவில் வந்து இறங்கியது. தோலுரித்த ஆட்டை வாசலில் தொங்கவிட்டு அதற்குச் சிவப்பு பல்பு வேறு. ஒலிபெருக்கியில் ஒரே கூப்பாடு.

அப்படிப்பட்ட தெருவுக்கு, தன் புதுக்கடையைத் திறக்கிற நாளில், அவளை இழுத்து வந்தவன் அவள் பெற்ற மகன் யூங்ஷெங்.

சிஃபாங்குக்கு ஐம்பத்தெட்டு வயது. ஆட்டுச் சாறும் ரொட்டியும் விற்கும் ஐந்து மேஜைக் கடையைத் தாபியுவானில் இருபத்தாறு வருஷம் நடத்தினாள். புருஷன் கறி வெட்டுபவர். நடுவயதில் போய்ச் சேர்ந்துவிட்டார். கடையில் வருகிறவர் கையில் கெட்டி ரொட்டியையும் காலிக் கிண்ணத்தையும் கொடுப்பாள். அவரே உட்கார்ந்து பச்சைப் பட்டாணி அளவுக்குப் பிய்த்துத் தரவேண்டும். கிண்ணத்தைப் பார்த்ததும், "யாரு இந்தக் கோழி கொத்துன மாதிரி பிச்சது? போய் இன்னொரு தடவை உக்காந்து பிய்யி" என்று திருப்பி அனுப்பிவிடுவாள். மூட்டு வலி முற்றியதும் கடையை மூடினாள். நிலமோ நகையோ அவளுக்குக் கிடையாது. இருந்தது ஒன்றே ஒன்று: லான் பெரியம்மா கையால் வந்தது சுத்தம் என்ற பேச்சு. பள்ளிவாசலில் விருந்தென்றால் அவள் பானைதான் போகும்.

அந்தப் பெயரைத்தான் யூங்ஷெங் பெரிய தெருவில் ஆளுயரப் பலகையில் எழுதியிருந்தான். எழுதியது போதாதென்று அவள் முகத்தையும் போட்டிருந்தான், கன்னத்தில் இல்லாத சிவப்பைப் பூசி.

"இது யாருடா, கல்யாணப் பொண்ணா?" என்றாள் வாசலில் நின்று.

"சும்மா உள்ள வாம்மா. இன்னிக்கு ஒரு நாள் மூஞ்சியைக் கொஞ்சம் சிரிச்ச மாதிரி வெச்சுக்கோ. பள்ளிவாசல் இமாம் மீ ஹஜ்ரத் பன்னெண்டு மணிக்கு வராரு. துஆ ஓதி முதல் கிண்ணம் அவர் சாப்பிட்டுட்டா, நம்ம ஜனம் மொத்தமும் வந்துடும்."

"அவர் உன்னை நம்பியா வராரு?"

"உன்னை நம்பித்தான். அதுக்குத்தானே உன்னைக் கூப்பிட்டேன்" என்று சிரித்தான்.

உள்ளே ரொட்டியைப் பிய்ப்பதே இல்லை. இயந்திரம் வெட்டிய சதுரச் சதுரத் துண்டுகள் தட்டில் குவிந்திருந்தன. அதைப் பார்த்ததுமே சிஃபாங்குக்கு வாய் கசந்தது. ஆனால் பெரிய பானையில் கொதித்த சாற்றை ஒரு கிண்ணம் வாங்கிக் குடித்தவள், மகனை நிமிர்ந்து பார்த்தாள். சாறு நன்றாகவே இருந்தது. எலும்பின் ருசி இறங்கி, சோம்பு அளவாகப் போட்டு, அவள் கைப்பக்குவத்துக்கு அரைப்படிதான் கீழே. "பரவால்லடா" என்று இன்னொரு கிண்ணமும் வாங்கிக் குடித்தாள்.

சாறு ஊற்றிக் கொடுத்தவன் பெங் என்ற ஆள். முப்பதை நெருங்கும் வயது, ஹெனான் பக்கம் ஊர், தலையில் வெள்ளைத் தொப்பி. பானைக்குப் பக்கத்தில் ஒழுங்காக நின்று வேலை செய்தான். சிஃபாங்குக்கு அவனைப் பிடித்துப்போனது. எந்தப் பள்ளிவாசல், யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரிக்க ஆரம்பித்தாள்.

"என்ன வருஷம்பா நீ?"

"நானா பெரியம்மா?" என்று அவன் தான் பிறந்த வருஷத்தின் பெயரைப் பளிச்சென்று சொன்னான்.

கரண்டி கழுவிக்கொண்டிருந்த சிஃபாங்கின் கை நின்றது. வருஷத்துக்கு ஒரு பிராணி என்று போகும் பன்னிரண்டு வருஷச் சுற்றில் கடைசியாக வருவது அது. சேற்றில் புரள்வது. எங்கள் சந்துகளில் அதன் பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை; எழுதும் எனக்குமே கை வராது. அந்த வருஷத்தில் பிறந்தவர்கள்கூட "நான் கறுப்பு வருஷம்" என்றுதான் சொல்வார்கள். பேச்சு வருகிற பருவத்திலேயே குழந்தைக்கு அது படிந்துவிடும். இவன் ஊரைச் சொல்வதுபோல உடைத்துச் சொல்கிறானே!

"நீ நம்ம ஆளு இல்லையா?"

"இல்ல பெரியம்மா" என்று தொப்பியைத் தொட்டுக்காட்டினான். "இது யூனிபார்ம். அண்ணன் குடுத்தாரு."

தொப்பியை வேஷத்துக்குப் போடுகிறார்கள் என்று அவளும் கேள்விப்பட்டிருந்தாள். தன் மகன் கடையிலா? சரி, வெளியாள் வேலை செய்வது குற்றமில்லை, பானை சுத்தமாக இருந்தால் போதும் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். அந்தத் தேறுதல் கால் மணி நேரம்கூட நிற்கவில்லை.

பதினொன்றரைக்குப் பெங் தன் பையைத் திறந்தான். கூட்டம் வரும் முன்னால் சாப்பிட்டுவிடும் அவசரம். பிளாஸ்டிக் உறையைப் பல்லால் கடித்துக் கிழித்து இளஞ்சிவப்பு சாஸேஜ் இரண்டை எடுத்தான். சாறு அள்ளுகிற அதே கரண்டியில் அவற்றை வைத்துக் கொதிக்கும் பானைக்குள் முக்கினான்.

"என்ன கறிப்பா அது?" என்றாள் சிஃபாங்.

அவன் அந்தப் பெயரையே மறுபடியும் சொன்னான். வஞ்சகமில்லாமல் சொன்னான். "சூடா இருந்தாத்தான் நல்லாருக்கும். கஸ்டமர் கண்ணுல படாம சாப்பிட்டுக்கனு அண்ணன் சொல்லியிருக்காரு."

"எத்தனை நாளா?"

"அடுப்பு பத்த வெச்சதுலேர்ந்து. ஒரு வாரமா இதே சாறுதான பெரியம்மா, எலும்பு சேர்த்துச் சேர்த்து..."

சிஃபாங் பின்கட்டுச் சாக்கடைக்கு ஓடினாள். இரண்டு கிண்ணமும் வெளியே வந்தன. அதற்குப் பிறகும் வந்தது. விரலைத் தொண்டைக்குள் விட்டாள். நாக்கைத் தலைத்துணி நுனியால் துடைத்தாள், வாயைக் கொப்பளித்தாள், மறுபடி துடைத்தாள். நன்றாயிருக்கிறது என்று இரண்டாவது கிண்ணம் கேட்டு வாங்கிய தன் நாக்கின் மேலேயே அவளுக்குக் குமட்டியது.

யூங்ஷெங் வந்து நின்றான். பெங் சொல்லியிருப்பான்.

"தெரிஞ்சே விட்டியாடா?"

"கத்தாதம்மா. பன்னெண்டு மணி நேரம் நிக்கிற வேலைக்கு நம்ம ஆளு எவன் வரான்? வரவனுக்கு சாப்பாட்டுக்கு வெளியே போக நேரம் கிடையாது. பானைல முக்குவான்னு எனக்குத் தெரியாது. சத்தியமா தெரியாது."

"இப்ப தெரிஞ்சுதுல்ல? அடுப்பை அணை."

"நாளைக்குப் புதுப் பானை வாங்கறேன். இன்னிக்கு மட்டும். வெளிய வரிசையைப் பாரு. மீ ஹஜ்ரத் வந்து உக்காந்துட்டாரும்மா."

"அவர் வாயிலயுமா ஊத்தப்போற?"

"ஒரு கிண்ணம். அவருக்குத் தெரியவா போகுது?"

தன் வயிற்றில் பிறந்தவன்தானா என்று அவனையே பார்த்தாள். வியர்த்த முகம். பூனைமாதிரி அலையும் கண். அந்த முகத்துக்கு எத்தனை நாள் சோறு ஊட்டியிருப்பாள். இன்று பக்கத்தில் நிற்கவே கூசியது.

முன்கட்டில் மீ ஹஜ்ரத் ஓதி முடித்திருந்தார். எழுபது வயது மனிதர். நடுமேஜையில் அவருக்கு முன்னால் கிண்ணத்தில் ஆவி பறந்துகொண்டிருந்தது. சுவரில் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டியிருந்த ஹலால் பத்திரங்களை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. சிஃபாங்கைப் பார்த்துத்தான் கேட்டார். எங்கள் வழக்கம் அது. யார் பொறுப்போ அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"சுத்தமா, சிஃபாங்?"

யூங்ஷெங் அவள் முழங்கையைப் பிடித்து அழுத்தினான். "ஆமான்னு சொல்லும்மா" என்று உதடு மட்டும் அசைந்தது.

"இல்ல ஹஜ்ரத்" என்றாள் சிஃபாங், கடை முழுவதும் கேட்க. "ஹராம் கலந்த பானை. நானே ரெண்டு கிண்ணம் குடிச்சுட்டேன். நீங்க தொடாதீங்க."

ஹஜ்ரத் சாப்பிட எடுத்த குச்சிகளைக் கீழே வைத்தார். "தௌபா செஞ்சுக்கோம்மா, தெரியாம செஞ்சது மன்னிக்கப்படும்" என்று மெல்லச் சொல்லி எழுந்தார். அவரோடு வந்த நாலு பேரும் எழுந்தார்கள். தாபியுவான் ஆட்கள் ஒருவர்கூட மிஞ்சவில்லை.

ஆனால் வரிசை நகரவில்லை. கணவாய்க் குச்சியோடு நின்றவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை, விளங்கிக்கொள்ளத் தேவையும் இல்லை. ஒருத்தி கேட்டாள்: "பெரியவர் எழுந்துட்டாருல்ல, அந்த இடத்துல நாங்க உக்காரலாமா?"

யூங்ஷெங்கின் முகம் மெல்லத் தெளிந்தது. "பாத்தியா? யாரும் போகல" என்றான் காதோரமாக. "நம்ம ஜனம் வராட்டி போகட்டும்மா. ஓரமா நில்லு. பெங், அடுத்த கிண்ணம் ஊத்து."

பாத்திரம் துலக்குகிற இடத்தில் துணி சோப்புத்தூள் பை ஒன்று இருந்தது, குறையாமல் முழுசாக. சிஃபாங் அதைத் தூக்கி வந்தாள். மூட்டு விண்ணென்று தெறித்தது. பெங் தானாகவே விலகி வழிவிட்டான். மொத்தப் பையையும் பானைக்குள் கவிழ்த்தாள்.

நுரை பொங்கியது. பானை விளிம்பைத் தாண்டி அடுப்பில் வழிந்து, தரையில் பரவி, வரிசையில் முதலில் நின்றவளின் செருப்பைத் தொட்டது. அப்போதுதான் "ஐயே" என்று கூட்டம் பின்வாங்கியது. பின்வாங்கிக்கொண்டே படமும் எடுத்தது.

யூங்ஷெங் நுரையிலேயே உட்கார்ந்துவிட்டான். "என் பொழப்பைக் கெடுத்துட்டியேம்மா" என்று வாய்விட்டு அழுதான். நாற்பது வயதுப் பிள்ளை அழுகிறான். அவன் அழுது அவள் கை தானாக நீளாத நாள் அதுவரை இருந்ததில்லை.

அன்று நீளவில்லை. அந்தக் கண்ணீரும் மூக்குச்சளியும் அவளுக்கு அருவருப்பாக இருந்தன. தெருவுக்கு வந்து குச்சிகளை மிதித்துக்கொண்டு நடந்தாள். பெற்ற பிள்ளையைப் பார்த்துக் குமட்டியதே என்று வீடு போய்ச் சேரும்வரை அழுதாள்.