மேரியக்கா கடையும் புதுக் காவாவும்

"ஏம்பா, நேத்து விட்ட எடத்துலயே நிக்குதே, ஒங்க காவாக்கு என்ன கால் வலியா?"

பால் பொங்குவதற்குள் சந்தனமேரி ஒருமுறை டீக்கடையை விட்டு வெளியே வந்து, கழுத்தை நீட்டி, கடைத்தெருவின் அந்தக் கோடிவரை கேட்கும்படி இதைக் கேட்டுவிட வேண்டும். கேட்பது தெருவில் கழிவுநீர்க் கால்வாய் வெட்டும் வேலையை மேற்பார்க்கும் ராஜ்கமலை. அவன் எங்கோ நூல் பிடித்துக்கொண்டிருப்பான், காதில் விழாது. அதனால் என்ன, அக்காவுக்குக் கேட்டாகிவிட்டது. உப்பளத்துக்குப் போகிறவர்கள் பெஞ்சில் காத்திருக்கிறார்கள், உள்ளே போய்விடுவாள்.

மரக்காணம் கடைத்தெருவைச் சீர்படுத்தும் திட்டம் எதுவரை வந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆபீஸ் ஆபீஸாக அலைவது வெட்டி வேலை. மேரியக்கா கடையில் ஒரு டீ சொன்னால் போதும். "மருந்துக்கட வரிக்கும் காவா முடிஞ்சிடுச்சி, மூடி போடல. வெளக்குக் கம்பம் வந்து எறங்கிடுச்சி, பல்பு வரல. வந்துடும், எங்க போயிடப் போவுது?" சர்க்கரை கலக்கி முடிப்பதற்குள் மொத்தச் சங்கதியும் வந்துவிடும். எவனாவது "கவர்மெண்டு ஒண்ணும் கிழிக்காது" என்று ஆரம்பித்தால் அவன் டீ தண்ணீராகிவிடும். அது தனிக் கணக்கு.

அவளுக்கு இத்தனை அக்கறை வராமல் என்ன செய்யும்? மழை பிடித்தால் சாக்கடை அவள் பெஞ்சுக்கு அடியில்தான் குடிவரும். புடவையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு, மூக்கைப் பொத்தியவர்களுக்கெல்லாம் டீ கொடுத்தவள். காவா வேண்டும், காவா வேண்டும் என்று கண்ணில் பட்ட அதிகாரியையெல்லாம் பிடித்து உலுக்கியவள்.

கேட்டது கிடைத்தது. ஆனால் காவாவுக்குப் போட்ட சுண்ணாம்புக் கோடு நேரே அவள் கடையின் முன்பாதிக்குள் புகுந்து, அடுப்பு மேடையின் நடுவயிற்றில் போகிறது. மேடை இருப்பது தெருப் புறம்போக்கில். அது போய்விட்டால் மிச்சம் இருப்பது ஒரு ஆள் திரும்புகிற இடம்தான். பெஞ்சு எங்கே போடுவாள், யார் வந்து உட்காருவார்கள்? பாவம், அவளுக்குச் சோறு போடுவதே அந்த மேடைதான்.

கோடு போட்ட அன்று ராஜ்கமல் நிமிர்ந்து பார்க்காமலே டீ குடித்துவிட்டுப் போனான். "அந்த டீயும் நான் போட்டதுதான் பாத்துக்க," என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தாள். சிரிப்பில் சுரத்தே இல்லை.

பக்கத்து இரும்புக்கடை அப்பாதுரை ஆறுதலாக ஒரு யோசனையோடு வந்தார். "ஸ்டே வாங்கிடலாம் மேரி. காவா ஒன் கடையோட நின்னுடும்."

"நின்னுட்டா தண்ணி எங்கண்ணே போவும்?"

"அது எங்கியோ போவுது, ஒனக்கென்ன?"

"மேக்கால இருக்கறவங்க வூட்டுக்குள்ளதான் போவும்."

சொல்லிவிட்டாளே தவிர, அதற்கப்புறம் வாய் அடங்கிவிட்டது. காலையில் தெருவுக்கு வந்து யாரையும் கேட்பதில்லை. ராஜ்கமலோடு பேச்சே இல்லை. மேரி கோர்ட்டுக்குப் போகப்போகிறாள் என்று தெரு முடிவுகட்டிவிட்டது.

ஜேசிபி வந்த காலையில் எல்லாரும் கூடிவிட்டார்கள். அது கையைத் தூக்கி மேடைக்கு நேரே கொண்டுவந்தபோது மேரி குறுக்கே பாய்ந்தாள். "நிறுத்துப்பா!" அப்பாதுரைக்கு முகம் மலர்ந்தது. ராஜ்கமல் கையிலிருந்த நூலைப் போட்டுவிட்டு ஓடிவந்தான்.

மேரி உப்பளக் கூலிக் குடும்பத்தில் பிறந்தவள். பாத்திக்குத் தண்ணீர் பாய வரப்பை வெட்டித்தான் ஆக வேண்டும். ஆனால் ஒருவர் போட்ட வரப்பில் இன்னொருவர் மண்வெட்டி வைக்கமாட்டார்கள்; போட்டவர்தான் வெட்டிவிட வேண்டும். அவள் வீட்டில் அப்படித்தான் பழக்கம். ஜேசிபிக்கு அதெல்லாம் எங்கே தெரியப்போகிறது?

"நான் கட்டுன மேட. நீ கை வெக்காத."

பால் சட்டியைப் பெஞ்சுக்கு மாற்றினாள். அடுப்பைத் தூக்கி உள்ளே வைத்தாள். அப்பாதுரை கடை வாசலில் சாத்தியிருந்த கடப்பாரையை அவரைக் கேட்காமலே எடுத்துவந்து, மேடையின் முதல் செங்கல்லைப் பெயர்த்துப் போட்டாள்.