நெஞ்சுப் படத்தில் மினுக்கும் வட்டம்

சிடி புதுசாக வந்திருந்த காலம். ராயபுரத்தில் ஒரு மாடி அறையில் எனக்கு வேலை. மருத்துவ மாணவர்கள் சிடியில் பார்த்துப் படிக்க எக்ஸ்ரே படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி அசைய வைக்க வேண்டும். முதலில் வெறும் படம் வரும். கொஞ்சம் கழித்து, கோளாறு உள்ள இடத்தைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம் மினுக்கும். மறையும், மறுபடி வரும். வட்டத்தை எங்கே போடுவது என்று, படங்களைத் தரும் டாக்டரே மேலே வைத்த டிரேசிங் தாளில் குறித்து அனுப்பிவிடுவார். ஏன் அங்கே என்று கேட்க எனக்கு நேரமும் இல்லை, தெம்பும் இல்லை. பஸ்ஸில் கண்ணை மூடினாலும் அந்தச் சனியன் மினுக்கிக்கொண்டே இருக்கும்.

அதைவிடப் பெரிய பேஜார் தூசி. துறைமுகத்துக் கரியும் கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் மண்ணும் மூடிய ஜன்னலைத் தாண்டி வந்து ஸ்கேனர் கண்ணாடியில் உட்காரும். எவ்வளவு துடைத்தாலும் படத்தில் வெளிறிய புள்ளிகள் விழும். "பசங்க அதையும் நோவுன்னு படிச்சுத் தொலைக்கப் போறானுங்க" என்பார் முதலாளி. அதனால் டாக்டர் குறித்த இடத்தை விட்டுவிட்டு மற்ற புள்ளிகளையெல்லாம் மௌஸால் அழிப்பதுதான் முதல் வேலை. கை அதுபாட்டுக்கு அழிக்கும், மனசு வேறெங்கோ இருக்கும்.

என் அண்ணனுக்குத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்கும் வேலை. மாசக்கணக்கில் இருமல். அரசு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தாகிவிட்டது. டாக்டரைத் திங்கட்கிழமைதான் பார்க்க முடியும். அதுவரை பொறுக்காமல் சனிக்கிழமை மத்தியானம் படத்தோடு என் அறைக்கே வந்துவிட்டார்.

"நீதான் தெனம் இதையே பாத்துகினு கீறியே பாப்பா. டிபியா இல்லியான்னு சொல்லு. வூட்ல சின்னப் புள்ளைங்க கீது."

"நான் டாக்டரா ண்ணா?" என்றேன். கேட்கிற ஆளில்லை. ஸ்கேன் செய்தேன். திரையில் அவர் நெஞ்சு வந்தது. டிரேசிங் தாள் இல்லாமல் எங்கே பார்ப்பது என்றே எனக்குப் புரியவில்லை. மேலே, தோள் எலும்புக்குக் கீழே, வெளிறிய புள்ளிகள் கொஞ்சம் இருந்தன. வழக்கம்போல் கை போய் ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்தது.

பின்னால் நின்ற அண்ணனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "பாரு, இப்ப சோக்கா கீது. ஒண்ணுமே இல்ல."

மௌஸை விட்டேன். நான் அழித்தது தூசிதானா? படத்தை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். புள்ளிகள் அங்கேயே இருந்தன. துப்பட்டா முனையால் துடைத்தேன். திருப்பிப் போட்டும் துடைத்தேன்.

அண்ணன் படத்தை என் கையிலிருந்து வாங்கினார். தோளில் கிடந்த துண்டால் அதே இடத்தை அழுத்தித் தேய்த்தார். தூக்கிப் பார்த்தார். மறுபடியும் தேய்த்தார்.

"போவல பாப்பா" என்றார். படத்தை உறைக்குள் போட்டுக்கொண்டார்.

"புள்ளைங்கள கொஞ்ச நாளு உன்னாண்ட வெச்சுக்கிறியா?"