ஒற்றைக் கைக்கான கத்தி

மாலை நான்கு பத்து. ஞாயிற்றுக்கிழமை.

நேரத்தில் எனக்குத் தவறு வராது. கத்திகளுக்கு எண்ணெய் போட்ட நாளைக்கூட நோட்டில் குறித்து வைப்பவன் நான். அந்த நோட்டைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். நடந்தது இது. நம்புவது உங்கள் விருப்பம்.

பழைய மடக்குக் கத்திகள் சேர்க்கிறேன். எல்லாக் கத்தியும் அல்ல. அலகின் அடியில் பேட்டன்ட் எண் பொறித்தவை மட்டும். ஒன்றில் புது மாதிரிப் பூட்டு இருக்கும். இன்னொன்றில் நகம் உடையாமல் திறக்க ஒரு வழி. மொத்தம் அறுபத்திரண்டு. அவற்றில் ஒன்று, கை ஒன்றை இழந்தவர்களுக்காக யாரோ யோசித்துச் செய்தது. பிடியின் பக்கத்தில் ஒரு குமிழ். கட்டைவிரலால் அழுத்தித் தள்ளினால் 'டக்' என்று அலகு விரியும். தானாக விரியாது. நூறு வருடமாக எதையும் வெட்டாத அலகு.

என் மனைவிக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. ஒரு நாள் அந்தக் கத்தியைப் பார்த்துவிட்டாள்.

"எனக்குன்னே செஞ்சு வெச்சிருக்காங்க. குடுங்க, ஒரு ஆப்பிள் நறுக்குறேன்."

"அது வெட்டுறதுக்கு இல்ல."

"பின்ன என்ன, தாலாட்டுறதுக்கா?" சிரித்தாள். "அதுக்கு வாராவாரம் எண்ணெய் தேய்க்குறீங்க. என் கைக்கு ஒரு நாளாவது தேய்ச்சீங்களா?"

நானும் சிரித்தேன். அலமாரியைப் பூட்டினேன். பழச்சாறு பட்டால் பழைய எஃகில் நீலக் கறை விழும். போகாது.

அதன் பிறகும் கேட்டாள். பிறகு கேட்பதை நிறுத்திக்கொண்டாள்.

ஒரு ஞாயிறு, நான் கத்திக் கண்காட்சிக்குப் போயிருந்தபோது இறந்துபோனாள். தூக்கத்திலேயே போய்விட்டதாக, அவளைப் பார்த்துக்கொண்ட நர்ஸம்மா சொன்னார்.

அதற்குப் பின் ஏழாவது ஞாயிறு. நான்கு பத்து. கூடத்தில் தனியாக உட்கார்ந்திருந்தேன்.

டக்.

அலமாரிக்குள்ளிருந்து. சாவி என் சட்டைப் பையில்.

திறந்தேன். அறுபத்தொரு கத்திகள் மடங்கியிருந்தன. ஒன்று விரிந்திருந்தது. ஸ்பிரிங் தளர்ந்திருக்கும் என்று நினைத்தேன். மடக்கி வைத்தேன்.

அடுத்த ஞாயிறு. நான்கு பத்து. டக்.

அலகு ஈரமாக இருந்தது. முகர்ந்தேன். ஆப்பிள்.

வீட்டில் ஆப்பிள் வாங்கி இரண்டு மாதம் ஆகிறது…

அதற்கும் அடுத்த ஞாயிறு, அலமாரி முன்னாலேயே நின்றேன். 4:08. 4:09. கதவில் காதை வைத்தேன்…

டக்.

டக்.

உள்ளே அல்ல.

என் பக்கத்தில். இடுப்பு உயரத்தில்.

நான் திரும்பவில்லை.

மறுநாளே கத்தியை ஒரு நண்பரிடம் கொண்டுபோனேன். அவரும் சேர்ப்பவர். எதையும் லென்ஸ் வைத்தே பார்ப்பதால் எங்கள் கூட்டத்தில் அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். பதிலுக்கு ஏதாவது ஒரு கத்தி கொடுங்கள் போதும் என்றேன்.

"வெட்டாத கத்தின்னு பெருமை அடிச்சுக்கிட்டீங்களே! பாருங்க, நீலக் கறை. பழம் நறுக்கியிருக்காங்க. ஒரு தடவை ரெண்டு தடவை இல்ல."

"எடுத்துக்குறீங்களா, இல்லையா?"

எடுத்துக்கொண்டார். அந்த வாரமே கடல் தாண்டி யாருக்கோ அனுப்பிவிட்டார்.

அடுத்த ஞாயிறு எந்தச் சத்தமும் இல்லை. நான்கரைக்கு நர்ஸம்மா போன் செய்தார்.

"சார், உங்ககிட்ட ஒரு பொய் சொல்லிட்டேன். மனசு கேக்கல. அம்மா தூக்கத்துல போகல. நாற்காலிய அலமாரி முன்னாடி போடச் சொன்னாங்க. மடியில ஆப்பிள். 'அவர் வரட்டும், இன்னைக்குக் குடுத்துடுவார்'னாங்க. வெறும் கட்டைவிரலத் தள்ளித் தள்ளிப் பழகிட்டே இருந்தாங்க. இடது கையால. வாயால டக், டக்னு சொல்லிக்கிட்டு… அப்படியே நின்னு போச்சு. அப்ப மணி நாலு பத்து. நீங்க தாங்க மாட்டீங்கன்னு நான்தான் கட்டில்ல படுக்க வெச்சேன்."

நான் அலமாரியைத் திரும்பிப் பார்த்தேன்.

"அந்தக் கத்திய ஒரே ஒரு தடவை அவங்க நாற்காலியில வெச்சுடுங்க சார்… சார்? அது உங்ககிட்டதான இருக்கு?"