ஓரத்தில் மனைவி, நடுவில் செங்கல்

கண்ணாடிக்காரருக்கு ஒரு வியாதி உண்டு; அதற்கு இன்றுவரை மருந்து கிடையாது. எந்தப் பொருள் கைக்கு வந்தாலும் அது உருப்படியானதா இல்லையா என்று சோதித்துப் பார்க்காமல் மனுஷருக்குச் சோறு இறங்காது. மூக்குக் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற வேலை, இருபத்தாறு வருஷமாக. வருகிறவர் மூக்கின்மேல் இரும்புச் சட்டத்தை மாட்டி, ஒரு சில்லைப் போட்டு எடுத்து, இன்னொன்றைப் போட்டு, “முதலாவது தெளிவா, ரெண்டாவது தெளிவா?” என்று நாள் முழுக்கக் கேட்டுக் கேட்டு அந்தக் கேள்வி நாக்கிலேயே குடியேறிவிட்டது. வீட்டில் காபி கொடுத்தால்கூட, “முதல் வாயைவிட ரெண்டாவது வாய் கொஞ்சம் மங்கலா இருக்கு” என்பார். காபி எங்கேயாவது மங்குமா? அவருக்கு மங்கும்.

அவர் மனைவி ஒரு ஃப்ரிட்ஜ் கம்பெனியில் போனில் புகார் கேட்கிறவள். ஐஸ் கட்டவில்லை, கதவு சாத்தவில்லை என்று முன்பின் தெரியாதவர்களெல்லாம் திட்டுவதைக் காதில் வாங்கிக்கொண்டு, “உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது” என்று தேன் ஒழுகச் சொல்வதுதான் உத்தியோகம். அந்தப் பொறுமை இல்லாவிட்டால் இந்த மனுஷரோடு இருபத்திரண்டு வருஷம் தள்ளியிருக்க முடியுமா? சத்தியமாக முடியாது.

கண்ணாடிக்காரருக்குக் கேமரா என்றால் உயிர். தூரத்தில் இருப்பதைக் கிட்டே இழுத்துக் காட்டுகிற ஜூம் லென்ஸ் ஒன்று வேண்டும் என்று பல நாளாக ஆசை. கேமரா கம்பெனியே செய்த லென்ஸை வாங்க வேண்டுமென்றால் வீட்டை விற்க வேண்டும். வீடோ வாடகை வீடு. அதனால், அதே கேமராவில் பொருந்துகிற மாதிரி வேறொரு கம்பெனிக்காரன் மலிவாகச் செய்த லென்ஸை வாங்கிவந்தார். கேமராக் கடைக்காரருக்கு இவரை நன்றாகத் தெரியும். ஏற்கெனவே நாலு லென்ஸைக் குறை சொல்லித் திருப்பிக் கொடுத்த ஆள்.

“பத்து நாள் வச்சுப் பாருங்க சார்” என்றார் கடைக்காரர். “பிடிக்கலைன்னா பத்தாம் நாள் சாயங்காலம் ஆறு மணிக்குள்ள கொண்டாந்துடணும். ஆறு அஞ்சுக்கு வந்தீங்கன்னா அது உங்க பிள்ளை.”

அன்றைக்கே ஆரம்பித்தது சோதனை. எதிர்க் கட்டடத்தின் செங்கல் சுவர்தான் பரீட்சை மண்டபம். ஏன் செங்கல் சுவர்? நேர் நேரான கோடுகள். லென்ஸ் மட்டமானால் கோடு வளைந்து காட்டிக்கொடுத்துவிடும். அதைவிட முக்கியம் ஓரம். “நடுவுல எந்த லென்ஸும் யோக்கியன்தான். ஓரத்துலதான் சாயம் வெளுக்கும்” என்பது கண்ணாடிக்காரரின் வேதம். ஆகவே எதைத் தெளிவாகப் பார்க்க வேண்டுமோ அதைப் படத்தின் ஓரத்தில் கொண்டுபோய் வைப்பார். பழகிப்போன கை, சுவராக இருந்தாலும் சரி, சொந்தக்காரராக இருந்தாலும் சரி.

மூன்றாம் நாள் எதிர்க் கட்டடத்துப் பெரியவர் ஜன்னலைத் திறந்து, “எங்க சுவத்துல அப்படி என்ன சார் தேடுறீங்க?” என்று கத்தினார். படம் எடுக்கிறார் என்று தெரிந்ததும் உள்ளே ஓடிப்போய்த் தலை சீவிக்கொண்டு, சட்டையும் மாற்றிக்கொண்டு வந்து ஜன்னலில் நின்றார். “கொஞ்சம் நகர்ந்துக்குங்க சார், செங்கல் மறைக்குது” என்றார் நம் ஆள். பெரியவர் ஜன்னலைச் சாத்திய சாத்தலில் இரண்டு புறா பறந்தன.

அவர்கள் வீட்டு ஆல்பத்தைப் பார்த்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. கல்யாணமான புதிதில் கடற்கரைக்குப் போன படம்: நடுவில் கடல், இடது ஓரத்தில் மனைவியின் பாதி. மலைக்குப் போன படம்: நடுவில் பாறை, வலது ஓரத்தில் மனைவியின் மீதி. ஒருநாள் அவள் தம்பி அதைப் புரட்டிவிட்டு, “அக்கா, மாமா உன்னைத் துரத்துறாரா, இல்ல நீயே வெளியே போயிட்டிருக்கியா?” என்று கேட்டான். அவள் சிரித்து மழுப்பிவிட்டாள்.

அந்தப் பத்தாம் நாள் இருக்கிறதே, அன்றைக்குத்தான் அவளுக்கு நீச்சல் போட்டி. நாற்பத்தொன்பது வயதில் நீச்சல் வகுப்பில் சேர்ந்தவள். முதல் மூன்று மாதம் தண்ணீருக்குள் முகத்தை வைக்கவே மாட்டேன் என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவள். இப்போது நாற்பத்தைந்து தாண்டியவர்களுக்கான போட்டியில் குளத்தின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை நிற்காமல் நீந்தப் போகிறாள். அதற்கு முந்தின நாளே கணவரைப் பிடித்து உட்கார வைத்துச் சொன்னாள்.

“எனக்கு ஒரே ஒரு படம் வேணுங்க. கரையைத் தொட்டு எந்திரிப்பேன் பாருங்க, அப்ப. முழுசா இருக்கணும். நடுவுல இருக்கணும்.”

“இதென்ன பிரமாதம்? எடுத்துட்டாப் போச்சு” என்றார் அவர்.

மறுநாள் பஸ்ஸில் போகும்போதே புதுக் குறை ஒன்று வெளிப்பட்டது. கழுத்தில் தொங்கவிட்டால் லென்ஸ் தன் பாரத்தில் தானே மெல்ல மெல்ல நீண்டது. நீண்டுகொண்டே போய், முன்னால் உட்கார்ந்திருந்தவரின் காதில் இடித்தது. அவர் திரும்பி முறைத்தார். கண்ணாடிக்காரர் அசடு வழிய அதை உள்ளே தள்ளினார். இரண்டு நிறுத்தம் போவதற்குள் அது மறுபடியும் காதைத் தேடிப் போயிருந்தது.

“திருப்பிக் குடுத்துடலாம்னு தோணுது” என்றார். “ஓரத்தை மட்டும் இன்னிக்கு ஒரு தடவை பார்த்துட்டு முடிவு பண்றேன்.”

மனைவி துண்டுப் பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு மனதுக்குள்ளேயே நீந்திக்கொண்டிருந்தாள்.

நீச்சல்குளத்துக்குள் நுழைந்ததும் கண்ணாடிக்காரருக்கு வாயெல்லாம் பல். எதிர்ச் சுவர் தரையிலிருந்து கூரைவரை வெள்ளை ஓடு! கோடு போட்ட மாதிரி வரிசை வரிசையாக! இப்படி ஒரு சோதனைச் சுவரை அவர் ஜன்மத்தில் பார்த்ததில்லை. செங்கல்லெல்லாம் இதன் கால் தூசுக்குப் பெறுமா?

பயிற்சியாளர் அம்மா விசில் ஊதினாள். ஆறு பேர் குதித்தார்கள். ஒருத்தர் பாதி வழியில் தொப்பி கழன்றதென்று நின்றுவிட்டார். மற்ற நாலு பேரும் போய்ச் சேர்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போது, கைகால் எல்லாம் ஒவ்வொரு பக்கம் அடிக்க, ஐந்தாவதாக நம் வீட்டம்மா கரையைத் தொட்டாள். தொட்டு எழுந்து, ஏதோ உலகத்தையே ஜெயித்த மாதிரி இரண்டு கையையும் தூக்கினாள். கேமரா சடசடவென்று நாற்பது படம் எடுத்துத் தள்ளியது.

ஈரம் சொட்டச் சொட்ட ஓடிவந்து, “எங்க, காட்டுங்க காட்டுங்க” என்றாள்.

காட்டினார். வெள்ளை ஓடு. அடுத்தது, வெள்ளை ஓடு. அதற்கடுத்ததும் ஓடுதான். கீழே இடது ஓரத்தில் நீலமாக ஒரு தொப்பி, பாதி முகம், ஒரு கை.

“ஒரு கோடுகூட வளையலை பாரு!” என்றார் அவர் பூரித்துப்போய். “என்ன, அந்த ஓரம் மட்டும் கொஞ்சம் கரைஞ்ச மாதிரி…”

“அந்த ஓரம் நான்தாங்க” என்றாள் அவள். “இருபத்திரண்டு வருஷமா நான்தான்.”

தேன் இல்லாத குரல். இந்தக் குரலை அவர் கேட்டதே இல்லை. ஆடிப்போய்விட்டார். அந்தப் படத்தின் ஓரத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். கரைந்த முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. அப்படி ஒரு சிரிப்பை அவள் முகத்தில் கண்டு எத்தனையோ வருஷமாயிற்று. அது வந்தபோது அவர் ஓட்டின் கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊரார் கண்ணையெல்லாம் சோதிக்கிறவருக்குத் தன் கண்ணை நினைத்து வெட்கமாக இருந்தது, அழுகைகூட வந்தது.

“இன்னொரு தடவை நீந்துறியா?”

“நான் என்ன, ஸ்விட்ச் போட்டா ஓடுற ஃப்ரிட்ஜா?” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஐந்தரை. “கிளம்புங்க. ஆறு மணிக்குள்ள அதைக் கடையில குடுக்கணுமே.”

“போகலை” என்றார் கண்ணாடிக்காரர்.

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். சோதனையை முடிக்காமல், லென்ஸை அதன் அத்தனை குறைகளோடும் தலையில் கட்டிக்கொள்ளத் துணிந்த அந்த முகத்தைப் பார்த்ததும் கோபம் பாதி இறங்கிவிட்டது. கயிறு சுற்றிக்கொண்டிருந்த பயிற்சியாளர் அம்மாவிடம் போனாள்.

“ஒரே ஒரு தடவை நீந்திக்கிறேன். என் வீட்டுக்காரர் படம் எடுக்கணும்.”

“இப்பத்தானே எடுத்தார்?”

“அது சுவத்தை.”

பயிற்சியாளர் அம்மா கண்ணாடிக்காரரை ஒரு பார்வை பார்த்தாள். அதில் எள்ளும் கொள்ளும் வெடித்தன. ஆனால் குளித்துவிட்டுப் போகிறவர்கள் போய்ச் சேர இன்னும் நேரமிருந்தது. அதுவரை யாரும் குளத்தைப் பூட்டப் போவதில்லை. “சரி, சட்டுனு ஆகட்டும்” என்று ஒரு வாழைப்பழத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

மனைவி மூச்சு வாங்கி உட்கார்ந்திருந்து, மறுபடி தொப்பியை மாட்டி இறங்குவதற்குள் அரைமணி நேரம் ஓடிவிட்டது. களைத்த உடம்பு. முதல் தடவைக்கு இரண்டு மடங்கு நேரம் எடுத்தது. கண்ணாடிக்காரர் எதிர்க் கரையில் ஈரத் தரையில் முட்டி போட்டு, கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். லென்ஸோ எதைப் பார்ப்பதென்று தெரியாமல் கிர் கிர்ரென்று முன்னும் பின்னும் ஓடியது. “ஏய், எங்கடா பார்க்குற? அவளைப் பாருடா, அவளை!” என்று அதைத் திட்டினார்.

அவள் கரையைத் தொட்டாள். எழுந்தாள். இருமல், மூக்கிலிருந்து தண்ணீர். முட்டி போட்டு லென்ஸைத் திட்டிக்கொண்டிருக்கும் மனுஷரைப் பார்த்தாள், பக்கென்று சிரித்துவிட்டாள். ஒரே ஒரு படம் விழுந்தது. சுவர்க் கடிகாரத்தில் ஆறு ஏழு. பிள்ளை வீட்டோடு வந்துவிட்டது.

பஸ் நிறுத்தத்தில் இருவரும் சேர்ந்து அந்தப் படத்தைப் பார்த்தார்கள். கை ஆடியதில் லேசான கலங்கல். அவளுக்கு ஒரு கண் பாதி மூடியிருந்தது. மூக்கில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழட்டுமா வேண்டாமா என்று தொங்கியது. ஆனால் நட்ட நடுவில், முழுசாக, அவள். வலது ஓரத்தில் பயிற்சியாளர் அம்மா வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தாள்.

மனைவி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தொண்டையைச் செருமி, அந்த ஃப்ரிட்ஜ் கம்பெனிக் குரலில், “வணக்கம் சார். உங்க லென்ஸ் எப்படி இருக்கு? ஓரம் தெளிவா இருக்கா?” என்று கேட்டாள்.

கண்ணாடிக்காரர் படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“எந்த ஓரம்?” என்றார்.