மூன்று இழுப்பறையும் ஒரு கூடும்

ஹிஸ்கேயின் வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது சுவரோரம் நிற்கும் அந்த ஓக் மர அலமாரிக் கூடுதான். மேல்பலகை தேய்த்துத் தேய்த்து முகம் தெரிகிற அளவுக்கு மின்னும். பக்கவாட்டுத் தூண்களில் திராட்சைக் கொடி செதுக்கியிருக்கும். ஆனால் மூன்று இழுப்பறைகள் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு நீலத் திரைத்துணிதான் தொங்கும்.

பழைய சாமான் வாங்க ஊர் ஊராக வருகிற வியாபாரி ஒருவன் ஒருதரம் அந்தத் திரையை விலக்கிப் பார்த்தான். "டிராயரோட இருந்திருந்தா இது ராஜா வீட்டுச் சாமான். இப்ப கோழிக்கூடும்மா" என்றான். ஹிஸ்கே கோபப்படவில்லை. உள்ளதைத்தானே சொன்னான் என்று காப்பி கொடுத்து அனுப்பினாள்.

அது கோழிக்கூடானது போர் முடிந்த இரண்டாம் வருஷம், அப்பா இறந்த மாதத்தில். பிள்ளைகள் நாலு பேர். மூத்தவர் வீபே, அடுத்தது ஹிஸ்கே, பிறகு பாவ்க்யா, கடைக்குட்டி மைண்டர்ட். வீட்டுச் சாமான்களைச் சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொண்டார்கள். கடிகாரம் போயிற்று, வேதாகமம் போயிற்று, பாத்திரங்கள் போயின. ஒருவர் முகமும் கோணவில்லை. ஆனால் முப்பாட்டன் காலத்து இழுப்பறை அலமாரியைச் சீட்டில் போட நாலு பேருக்குமே மனசு வரவில்லை. எல்லாருக்கும் அது வேண்டும். காலையில் தொடங்கிய பேச்சு சாயங்காலம்வரை இழுத்தது. வீபேக்குப் பொறுமை போய்விட்டது.

"அப்ப ஆளுக்கொரு டிராயரை உருவிட்டுப் போங்க" என்றார்.

 பாவ்க்யா எழுந்து அடி இழுப்பறையை உருவினாள். மைண்டர்ட் நடுவிலிருந்ததை எடுத்தான். மேலே மிஞ்சியதை வீபே தோளில் வைத்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போனார். அப்பாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டவள் ஹிஸ்கே. அவளுக்குக் கூடு.

அதற்குப் பிறகு பத்தொன்பது வருஷம். ஹிஸ்கே கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பள்ளிக்கூடத்துத் தரையையும் ஆலயத்துத் தரையையும் கழுவினாள். ஒவ்வொரு வசந்தத்திலும் கூட்டைக் காலி செய்து துடைத்து, இழுப்பறைகள் ஓடுகிற தடங்களில் மெழுகுவத்தியைத் தேய்ப்பாள். பக்கத்து வீட்டுக்காரி ஜன்னலில் நின்று, "வராத மாப்பிள்ளைக்குப் பாய் விரிக்கிறியாக்கும்" என்று கேலி பண்ணுவாள். "விரிச்ச பாய் எங்க போயிடும், கிடக்கட்டும்" என்பாள் ஹிஸ்கே.

வீபே அன்றிலிருந்து அவளோடு பேசவில்லை. அவளும் பேசவில்லை. ஆனால் ஆலயத்தில் அப்பாவின் இருக்கையை இருவருமே விட்டுக்கொடுக்காததால், ஞாயிறுதோறும் ஒரே பலகையில், நடுவில் ஓர் ஆள் இடம் விட்டு உட்கார்ந்தார்கள். பிரசங்கம் பாதியை எட்டும்போது வீபே சட்டைப்பையிலிருந்து பெப்பர்மின்ட் மிட்டாய்ச் சுருளை எடுத்துத் தமக்கு ஒன்று எடுத்துக்கொண்டு, பிரசங்க மேடையைப் பார்த்தபடியே சுருளை அவள் பக்கம் நீட்டுவார். அவளும் மேடையைப் பார்த்தபடியே ஒன்று எடுப்பாள். பத்தொன்பது வருஷமாக அண்ணனுக்கும் தங்கைக்கும் நடந்த பேச்சுவார்த்தை அவ்வளவுதான். அதையாவது கர்த்தர் விட்டுவைத்தாரே என்று அவள் இரவு ஜெபத்தில் நன்றி சொல்வதுண்டு.

அறுபத்தாறு வயதில் முழங்கால் இரண்டும் சொன்னபடி கேட்கவில்லை. திருச்சபை நடத்தும் முதியோர் விடுதியில் அவளுக்கு ஓர் அறை கிடைத்தது. விடுதித் தலைவி வீட்டுக்கே வந்து பார்த்தாள். நல்ல மனுஷி, ஆனால் சட்டம் என்றால் சட்டம்.

"கட்டில் ஒன்னு, நாற்காலி ஒன்னு, அலமாரி ஒன்னு கொண்டாரலாம். அலமாரின்னா மூடியிருக்கணும். இந்தத் திரைத்துணி எலிக்கு வாசல் வச்ச மாதிரி."

பெந்தெகொஸ்தே பண்டிகைக்கு முந்தின சனிக்கிழமை குடிபோக வேண்டும். உயிர்த்தெழுந்த ஞாயிறு அப்போதுதான் முடிந்திருந்தது. ஏழு வாரத்துக்குள் இழுப்பறைகள் வந்து சேராவிட்டால், கூடு அடுப்புக்குத்தான் போகும்.

தங்கைக்கும் தம்பிக்கும் கடிதம் போட்டாள். மைண்டர்ட் தன் இழுப்பறையை லேவார்டன் பட்டணத்திலிருந்து பஸ்ஸில், மடியில் வைத்தே கொண்டுவந்தான். பாவ்க்யாவின் இழுப்பறையில் பிறந்த குழந்தைகளைப் படுக்க வைத்திருந்தார்கள்; ஐந்து பேரப்பிள்ளைகள் அதில்தான் தூங்கினார்கள். "ஒரு மூலைல மூத்திரக் கறை இருக்கும்க்கா. தேய்ச்சுடாத, அது என் பேரன் போட்ட கையெழுத்து" என்றாள். இரண்டும் மெழுகுத் தடத்தில் வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தன.

வீபேக்கு எழுத மட்டும் கை வரவில்லை. மூன்று தாள் கிழித்தாள். அந்த ஞாயிறு, பிரசங்கத்தின் பாதியில் பெப்பர்மின்ட் வந்தது. அவள் எடுக்கவில்லை. நீட்டிய கை அப்படியே நின்றது. வீபே திரும்பி, பத்தொன்பது வருஷத்தில் முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்தார்.

"மிட்டாய் வேணாம்ண்ணே. டிராயர் வேணும்" என்றாள் மெதுவாக.

முன்வரிசையில் இரண்டு தலைகள் திரும்பின.  வீபே சுருளை இருவருக்கும் நடுவில் பலகைமேல் வைத்துவிட்டு, மீதிப் பிரசங்கத்தைக் கேட்டார்.

திங்கட்கிழமை கைவண்டியோடு வந்து நின்றார். இழுப்பறை நிறைய மண்வாசம். கொட்டகையில் விதை உருளைக்கிழங்கு போட்டு வைத்திருந்தாராம்.  கழுவித் துடைத்து இருவருமாகத் தூக்கி வைத்தால், நாலு விரல் போய் அதற்கு மேல் நகர மறுத்தது. ஈரத்தில் மரம் ஊறி உப்பியிருந்தது.

வீபேயின் காது சிவந்தது. "இழைப்புளி இருக்கு, கொண்டாரேன். ரெண்டு இழைப்பு இழைச்சா போயிடும்."

"வேணாம். ஈரத்துல இழைச்சா காஞ்ச பிறகு கொடகொடன்னு ஆடும். மரம் தானா சுருங்கட்டும்."

"அதுக்கு எத்தனை நாள் ஆகும்?"

"கெடுத்ததுக்கு எத்தனை வருஷம் ஆச்சு?"

அவர் தொப்பியைக் கையில் சுழற்றிக்கொண்டு நின்றார். பிறகு, ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கிறேன் என்றார்.

இழுப்பறையை அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தால் வெடிக்கும் என்று, காற்றோடும் இடத்தில் இரண்டு குச்சிகளின் மேல் வைத்தாள். வீபே ஆலயம் முடிந்து வருவார். காப்பி குடிப்பார், சர்க்கரை ரொட்டி ஒரு துண்டு. பிறகு இருவரும் எழுந்து இழுப்பறையைத் தூக்கிச் செருகிப் பார்ப்பார்கள். முதல் வாரம் ஒரு சாண் போயிற்று. அடுத்த வாரம் இன்னும் இரண்டு விரல். போன இடத்தில் அவள் பென்சிலால் கோடு போடுவாள். பேச்சும் அந்தக் கணக்கில்தான் நகர்ந்தது. முதலில் மழை, பிறகு மாடு, பிறகு வீபேயின் மனைவி இறந்த அந்தக் குளிர்காலம்.

ஐந்தாவது ஞாயிறு, காப்பிக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே அவர் சொன்னார்: "அன்னிக்கி ஒரு கோவத்துல சொன்னேன். யாராவது, அதெல்லாம் வேணாம்பாங்கன்னு நெனச்சேன். ஒருத்தரும் சொல்லல."

ஹிஸ்கே ரொட்டி வெட்டும் கத்தியைக் கீழே வைத்தாள். "நீங்களே சொல்லுவீங்கன்னு நான் நெனச்சேன். தோள்ல வைக்கிற வரைக்கும் பாத்துட்டே இருந்தேன்."

 அன்று இழுப்பறை ஒரு விரல்கூட நகரவில்லை. ஆனாலும் இருவரும் வெகுநேரம் அதைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

குடிபோகும் சனிக்கிழமை வந்தது. அலமாரி விடுதி அறையின் ஜன்னலோரம் நின்றது. அடியும் நடுவும் ஒழுங்காக மூடியிருந்தன. மேல் இழுப்பறை மட்டும் ஒரு விரல் அகலம் துருத்திக்கொண்டிருந்தது. வெளியே தலைவியின் செருப்புச் சத்தம் கேட்டது. ஹிஸ்கே கண்ணை மூடிக்கொண்டு, ஆண்டவரே என்றாள்.

கண்ணைத் திறந்தபோது வீபே அலமாரிக்கு முதுகைக் கொடுத்துச் சாய்ந்து, கால்மேல் கால் போட்டு நின்றிருந்தார். கையில் காப்பிக் கிண்ணம். ஏறக்குறைய ஆறடி மனிதர்; அவர் மேல்சட்டையே இழுப்பறையை முழுதும் மறைத்தது.

தலைவி கட்டிலைப் பார்த்தாள், நாற்காலியைப் பார்த்தாள். பிறகு வீபேயை, தலையிலிருந்து காலணிவரை, நிதானமாகப் பார்த்தாள்.

"அலமாரி மூடுதா?"

"இன்னும் கொஞ்ச நாள்ல நல்லாவே மூடும்" என்றார் வீபே.

"அதுவரைக்கும் நீங்க இப்படியே சாஞ்சு நிப்பீங்களா?"

"ஞாயித்துக்கிழமை மட்டும்" என்றாள் ஹிஸ்கே. "மத்த நாள்ல நான் நிக்கிறேன்."

தலைவி சிரிப்பு வராமல் உதட்டைக் கடித்துக்கொண்டாள். கையிலிருந்த தாளில் அலமாரிக்கு நேராக ஒரு குறி போட்டுவிட்டு, அடுத்த அறைக்குப் போனாள். வீபே சட்டைப்பையிலிருந்து பெப்பர்மின்ட் சுருளை எடுத்தார். இந்தமுறை தங்கையைப் பார்த்துக்கொண்டே நீட்டினார்.