பாதி இலையில் மாறிய நிறம்

காலை ஐந்தரைக்குச் சத்தியமங்கலத்தில் மைசூர் பஸ் ஏறினேன். தொண்ணூற்றாறாம் வருடம், ஆவணி மாதம். டிக்கெட் இருபத்தெட்டு ரூபாய். மடியில் இருந்த துணிப்பைக்குள் என் மனைவி சரோஜா பூவேலை செய்துகொண்டிருந்த பட்டுப்புடவை. முடிக்காமலே போய்விட்டாள், அவள் இறந்து ஒன்றரை வருடம் ஆகிறது. ஐப்பசியில் மகள் கலாவுக்குக் கல்யாணம். வரவேற்புக்கு அம்மா தைத்த புடவையைத்தான் கட்டுவேன் என்று சொல்லிவிட்டாள். முந்தானையில் இன்னும் ஒன்பது மாங்காய் டிசைன் தைக்கப் பாக்கி இருந்தது.

பண்ணாரியில் டிரைவர் இறங்கி அம்மனைக் கும்பிட்டுவிட்டு வந்தார். அப்புறம் திம்பம் மலைப்பாதை, இருபத்தேழு கொண்டை ஊசி வளைவுகள். பக்கத்தில் இருந்தவர் சாமராஜநகருக்கு மஞ்சள் விலை விசாரிக்கப் போகிறவர்.

"பையை மேல வெச்சுட்டு நல்லா உக்காருங்க" என்றார்.

"வேண்டாங்க, பட்டு."

"கல்யாணமுங்களா?"

"மகளுக்கு" என்றேன். மீதியைச் சொல்ல மனம் வரவில்லை.

எட்டரைக்குச் சாமராஜநகர். இரண்டு இட்லியும் காபியும் ஆறு ரூபாய். அங்கிருந்து அறுபது கிலோமீட்டர். நஞ்சன்கூடு தாண்டி மைசூர் சேரும்போது பத்தேகால். ஆட்டோக்காரர் என் கன்னடத்தை இரண்டு வார்த்தைக்கு மேல் பொறுக்கவில்லை. "தமிழ்லயே சொல்லுங்க சார். மார்க்கெட் பின்னாடி சந்துதானே? எட்டு ரூபா" என்றார்.

கடை ஒரு சின்ன அறை. அதை நடத்துகிறவர் மாதேவி. கொள்ளேகால்காரர், முப்பத்தைந்து வயதிருக்கும். துணியில் டிசைன் பதிப்பது, நூலுக்குச் சாயம் போடுவது, பூவேலை எல்லாம் அவரே. ஐந்து வருடம் முன்பு நானும் சரோஜாவும் மைசூர் பார்க்க வந்தபோது இங்கேதான் மாங்காய் டிசைனைப் பதித்து வாங்கினாள். ஊசியால் வரிசையாகத் துளை போட்ட அந்தக் காகிதத்தை மாதேவி ஒரு காகிதக் கட்டிலிருந்து உருவி எடுத்தார். பழைய பதிப்பு அழிந்துபோயிருந்த முந்தானையில் விரித்து, மண்ணெண்ணெயில் குழைத்த நீலப் பொடியைத் துணியால் தேய்த்தார். காகிதத்தைத் தூக்கியதும் ஒன்பது மாங்காயும் புள்ளி புள்ளியாக விழுந்திருந்தன.

"வாசம் ரெண்டு நாள்ல போயிருமுங்க" என்றவர், நூலின் நிறம் பார்க்கப் புடவையைத் திருப்பிப் போட்டார். "முன்பக்கம் வெளிச்சம் பட்டு வெளுத்திருக்கும். அசல் நிறம் பின்னாடிதானுங்க."

விரல் தடவிக்கொண்டே போய் ஓரிடத்தில் நின்றது.

"ஏனுங்க, அம்மாவுக்குக் கண்ணுல ஏதாச்சும் தொந்தரவு இருந்துச்சுங்களா?"

"கடைசியில இருந்துச்சு. சர்க்கரை."

அவர் காட்டியது கடைசியாகத் தைத்த ஆறு மாங்காயை. மற்றவற்றில் மாங்காய் நீலம், இலை பச்சை. இந்த ஆறில் மட்டும் இரண்டும் கலந்திருக்கும்.

"அது அவளே யோசிச்சுப் பண்ணினது. புதுசா இருக்குன்னு நானே சொன்னேன்" என்றேன். நான் பள்ளிக்கூடத்தில் டிராயிங் வாத்தியார். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

மாதேவி தயங்கினார். "வேணும்னு மாத்துனா ஒரு இலை முடிஞ்சு அடுத்த இலையில மாறுமுங்க. இது பாதி இலையில மாறுது, பாருங்க. நூல் தீர்ந்திருக்கு. பச்சைன்னு நெனச்சு நீலத்தைக் கோத்துருக்காங்க. அதுக்கு முந்தி பின்பக்கம் ஒரு முடிச்சு இல்ல. இங்க எத்தனை முடிச்சு!"

பார்த்தேன். ஆறு மாங்காயும் ஒரு பொங்கல் சமயத்தில் தைத்தவை. டாக்டரிடம் நாங்கள் போனது அதற்கப்புறம் வந்த ஆடியில். ஆறு மாதம் கண் மங்கியே அந்த வீட்டில் நடமாடியிருக்கிறாள்.

பன்னிரண்டு மணிக்கு அடுப்பில் அலுமினியப் பாத்திரம் ஏறியது. இரண்டு நூல்கண்டுகளை இரண்டு விதப் பச்சைச் சாயத்தில் முக்கி எடுத்து, அலசி, நிழலில் காய வைத்தார். டியூப்லைட்டில் நிறம் பார்க்கக் கூடாதாம். காய்ந்ததும் வாசலுக்குக் கூப்பிட்டு, கைக்கு ஒரு கண்டாக நீட்டினார்.

"எது ஒத்து வருதுங்க? நீங்கதான் சொல்லோணும்."

அந்தப் பொங்கலுக்கு முன்னால் ஒரு சாயங்காலம் சரோஜா இப்படித்தான் நின்றாள். இரண்டு கையிலும் நூல். "ஏனுங்க, இதுல எது பச்சை?" நான் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். "டிராயிங் வாத்தியார் பொண்டாட்டி கேக்கற கேள்வியா இது?" என்று சிரித்தேன். அவளும் சிரித்தாள். அப்புறம் கேட்கவேயில்லை.

அந்நிய வாசலில் நின்று அழுதேன். மாதேவி இரண்டு கண்டையும் நீட்டியபடியே நின்றார்.

"வலது கையில இருக்கறது" என்றேன்.

"அந்த ஆறையும் பிரிச்சுத் தெச்சுரட்டுங்களா? ஊசித் தொளைகூடத் தெரியாது. கல்யாணப் பொண்ணு கட்டறது, நாலு பேரு கேப்பாங்க."

"பிரிக்க வேண்டாங்க. மிச்சத்தை மட்டும் சரியான நிறத்துல போடுங்க."

ஒன்பது மாங்காய்க்கு நூற்றெண்பது ரூபாய் பேசி, புடவையை அங்கேயே விட்டுவிட்டு மூன்று மணி பஸ்ஸில் திரும்பினேன். மைசூரில் அரண்மனை பார்த்தாயா என்று ஊரில் கேட்பார்கள். பார்க்கவில்லை. சரோஜாவோடு அரை மணி நேரம்கூடப் பழகாத ஒருத்தி புடவையைத் திருப்பிப் போட்டதும் கண்டுபிடித்ததை, கூடவே இருந்த நான் பார்க்கவில்லை.

அந்த ஆறு மாங்காயைக் காட்டி, அம்மாவின் புது யோசனை என்று கலாவிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். அவளும் எல்லோரிடமும் அப்படியே சொல்கிறாள். அதை மாற்ற வேண்டும். உன் அம்மாவுக்கு நிறம் தெரியவில்லை, என்னிடம் ஒரு தடவை கேட்டாள், நான் சிரித்துவிட்டேன் என்று புடவை வருவதற்குள் அவளிடம் சொல்லியாக வேண்டும்.